டிசம்பர் 18: கோல் காவலர்களின் நாள்

டிசம்பர் 18 என்றதும் காற்பந்து பார்க்கும் எவருக்கும் இன்று 2022-ஆம் ஆண்டின் உலகக் கிண்ண இறுதியாட்டம்தான் நினைவுக்கு வரும். கத்தாரின் லுசைல் அரங்கம், மெஸ்ஸியின் இரண்டு கோல்கள், எம்பாப்பேயின் மூன்று கோல்கள், கூடுதல் நேரம் முடிந்த பிறகும் 3-3, கடைசியில் பினால்டியில் அர்ஜென்டினாவுக்கு 4-2 வெற்றி. 'வரலாற்றில் இன்று' என்று செய்தித்தாள்கள் தொகுக்கும் பட்டியலில் இன்னும் ஐம்பது ஆண்டு ஆனாலும் அந்தத் தேதிக்கு நேராக மெஸ்ஸி கிண்ணத்தைத் தூக்கிய படம்தான் இருக்கும். இருக்கட்டும், தகுதியானவர்தான். ஆனால் கோலாலம்பூரில் பிறந்து, தமிழ்ப்பள்ளித் திடலில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே நின்று வளர்ந்த எனக்கு அந்தத் தேதி அதற்கு வெகு காலம் முன்பே மனத்தில் பதிந்துவிட்டது. 1988-ஆம் ஆண்டு டிசம்பர் 18 அன்றுதான் ஆர். ஆறுமுகம் சாலை விபத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 35.

மலேசியத் தேசியக் குழுவின் கோல் காவலர். சிலாங்கூரின் கோல் காவலர். நீண்ட கைகளுக்காக இந்த நாட்டின் எல்லா இனத்தவரும் 'ஸ்பைடர்மேன்' என்று அன்போடு அழைத்த தமிழர். மொக்தார் டஹாரி, சோ சின் ஆன், சந்தோக் சிங் என்று எழுபதுகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லும் எவரும் ஆறுமுகத்தைச் சொல்லாமல் நிறுத்த முடியாது. மொக்தார் கோல் அடிப்பார், சோ சின் ஆனும் சந்தோக்கும் தற்காப்பில் நிற்பார்கள், அவர்களையும் தாண்டி வருகிற பந்துக்கு ஆறுமுகம் இருப்பார். அந்தக் குழுவை நம்பி வேலைக்கு விடுப்புப் போட்டவர்கள் அதிகம்.

என் சித்தப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். மெர்டேக்கா அரங்கத்தில் ஆட்டம் என்றால் வேலை முடிந்து வீட்டுக்கு வராமல் நேராக அங்கே போய்விடுவார். நல்ல இடம் காலியாக இருந்தாலும் கோலுக்குப் பின்னால்தான் உட்காருவார். "பக்கவாட்டில் உட்கார்ந்தால் பந்து எங்கே போகிறது என்று தெரியும். பின்னால் உட்கார்ந்தால்தான் அது எப்படி வருகிறது என்று தெரியும்" என்பார். ஆறுமுகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் எழுந்து நின்றுவிடுவார். கார்னரிலிருந்து வளைந்து வரும் பந்துக்கு எப்போது கிளம்ப வேண்டும், ஒரு முழங்காலை ஏன் மேலே தூக்க வேண்டும், இரண்டு கைகளும் தலைக்கு மேலே எந்த உயரத்தில் சந்திக்க வேண்டும் என்று கூடத்தின் நடுவில் நின்று காட்டுவார். என் சித்தி மின்விசிறியை நிறுத்திவிட்டு ஓரமாக நிற்பார். கோல் காவலருக்கான முதல் பாடம் எனக்கு அங்கேதான் நடந்தது.

1980-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஐ எங்கள் வீட்டில் ஒரு திருநாளைப் போல நினைவு வைத்திருந்தார்கள். மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கான தகுதிச் சுற்றின் முடிவாட்டம். மெர்டேக்கா அரங்கத்தில் மலேசியா தென் கொரியாவை 2-1 என்று வென்றது. ஆட்டம் முடியும் தறுவாயில் ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் கோலாக்கினார். சபாவிலிருந்து வந்த இருவர் ஒரு நாட்டையே எழுந்து நிற்க வைத்தார்கள். அதைப் பற்றி எழுதப்பட்ட எல்லாவற்றிலும் அந்தப் பாஸும் அந்தக் கோலும் இருக்கின்றன. சித்தப்பா மட்டும் வேறு கணக்கு வைத்திருந்தார். "இரண்டை அடித்தது யார் என்று ஊருக்கே தெரியும். கொரியாவின் ஒன்று இரண்டாகாமல் பார்த்துக்கொண்டது யார்?" என்று கேட்பார். கேட்டுவிட்டு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஆறுமுகம் என்று நாங்கள் கத்த வேண்டும்.

அந்தக் குழு மாஸ்கோவுக்குப் போகவில்லை. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து நாடுகள் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தபோது மலேசியாவும் புறக்கணித்தது. நம் இடத்தில் ஈராக் ஆடியது. அரசியல் நியாயம் எதுவாக இருந்தாலும், அந்த ஆட்டக்காரர்களுக்கு நேர்ந்தது பெரிய இழப்பு. தாக்குதல் ஆட்டக்காரருக்காவது அந்த ஏப்ரல் மாலையின் கோல் மிஞ்சியது. கோல் காவலருக்கு மிஞ்சியது என்ன?

இதைத்தான் நான் பல காலமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். காற்பந்தின் ஏடுகள் எல்லாம் கோல் அடித்தவர்களுக்காக எழுதப்பட்டவை. கோலுக்கு நிமிடம் உண்டு, பெயர் உண்டு, எண்ணிக்கை உண்டு. தடுத்த பந்துக்கு எந்த வரியும் கிடையாது. அது நடக்காமல் போன ஒரு நிகழ்ச்சி. 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 16 அன்று பினாங்கு நகர அரங்கத்தில் பகாங்கிற்கு எதிராக ஃபைஸ் சுப்ரி அடித்த அந்த வளைந்து திரும்பிய ஃப்ரீ கிக் ஃபிஃபாவின் புஷ்காஷ் விருதை வென்றது. நாடு முழுவதும் கொண்டாடினோம், நானும் கொண்டாடினேன். ஆண்டின் சிறந்த கோலுக்கு விருது இருக்கிறது. ஒரு தனித் தடுப்புக்கு ஃபிஃபாவிடம் அப்படி ஒரு விருது இல்லை. ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் விருதை இதுவரை வென்ற ஒரே கோல் காவலர் சோவியத்தின் லெவ் யாஷின். அது 1963-இல்.

ஆகவே ஒரு தேதியாவது அவர்களுக்கு இருக்கட்டும் என்று டிசம்பர் 18-ஐ எடுத்துப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க அந்தத் தேதியே கோல் காவலர்களிடம் போய்ச் சேர்ந்திருப்பது தெரிந்தது.

2005-ஆம் ஆண்டு டிசம்பர் 18. யோகோஹாமாவில் உலகக் கிளப் கிண்ண இறுதியாட்டம். அந்த ஆண்டு மே மாதம் இஸ்தான்புல்லில் மூன்று கோல் பின்தங்கி மீண்டு ஐரோப்பாவை வென்ற லிவர்பூல் ஒரு பக்கம், பிரேசிலின் சாவோ பாலோ மறுபக்கம். கோலாலம்பூரில் லிவர்பூல் சட்டை போடாத தெரு இல்லை. அன்றைய மாலை பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளில் சிவப்பைத் தவிர வேறு நிறம் தெரியவில்லை. சாவோ பாலோவின் மினெய்ரோ ஒரு கோல் அடித்தார். அதன் பிறகு லிவர்பூல் அடித்துக்கொண்டே இருந்தது. மூன்று முறை பந்து வலைக்குள் போயும் நடுவர் குழு கோலை மறுத்தது. மற்றவற்றை சாவோ பாலோவின் கோல் காவலர் ரோஜேரியோ செனி மறுத்தார். ஸ்டீவன் ஜெரார்டின் ஃப்ரீ கிக் மேல் மூலைக்குப் போய்க்கொண்டிருந்தது. செனி பறந்து போய் விரல் நுனியால் அதைத் திருப்பினார். கடை முழுவதும் இருந்தவர்கள் தலையில் கை வைத்தார்கள். எனக்கு மட்டும் கைதட்டத் தோன்றியது. ஆட்டம் 1-0. சிறந்த ஆட்டக்காரர் விருது செனிக்கே. தன் விளையாட்டு வாழ்க்கையில் ஃப்ரீ கிக்கிலும் பினால்டியிலும் நூற்றுக்கும் மேற்பட்ட கோல்களை அடித்தவர் அவர். ஆனாலும் அந்த மாலையில் அவர் பெருமை, அடிக்க விடாமல் செய்ததில்தான் இருந்தது.

2010-ஆம் ஆண்டின் அதே தேதி இன்னும் செறிவானது. அபுதாபியில் அதே கிளப் கிண்ண இறுதியாட்டத்தில் இன்டர் மிலான் காங்கோவின் மசெம்பேயை 3-0 என்று வென்றது. ஆப்பிரிக்கக் குழு ஒன்று அந்த இறுதியாட்டத்துக்கு வந்தது அதுவே முதல் முறை. மசெம்பேயின் கோல் காவலர் கிடியாபாவை நினைவிருக்கும்: தன் குழு கோல் அடித்தால் தரையில் உட்கார்ந்தபடியே துள்ளித் துள்ளி முன்னேறுவார். மூன்று கோல் வாங்கினாலும், அந்தக் கிண்ணப் போட்டியில் உலகம் விரும்பிப் பார்த்த ஆள் அவர்தான்.

ஆனால் நாங்கள் அன்று இரவு பார்த்தது ஹனோய் ஆட்டத்தை. தென்கிழக்காசிய நாடுகளின் ஆசியான் கிண்ணத்தில் மலேசியாவும் வியட்நாமும் மோதிய அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். முதல் ஆட்டம் மூன்று நாட்களுக்கு முன் கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் அரங்கத்தில் நடந்திருந்தது. மலேசியாவின் சாஃபி சாலி இரண்டு கோல் அடித்து 2-0 என்று முடித்திருந்தார். வியட்நாம் நடப்பு வெற்றியாளர். மீ டின் அரங்கம் முழுக்கச் சிவப்பு. பயிற்றுநர் கே. ராஜகோபாலின் இளைஞர்கள் அந்த மாதத் தொடக்கத்தில்தான் ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 5-1 என்று தோற்றிருந்தார்கள். இப்போது ஹனோயில் தொண்ணூறு நிமிடம் தாக்குப் பிடிக்க வேண்டும்.

ஆட்டம் 0-0. கோலே விழாத ஓர் ஆட்டத்தை எப்படி விவரிப்பது? கோல் கம்பங்களுக்கு நடுவே கிளந்தானைச் சேர்ந்த கைருல் ஃபாமி சே மாட் நின்றார், வயது 21. வியட்நாம் பந்தை வைத்துக்கொண்டு விளையாடியது. நம் ஆட்கள் பினால்டி பெட்டிக்குள் உடலைக் குறுக்கே போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முறை பந்து உயரே வரும்போதும் கைருல் கோல் கோட்டை விட்டு வெளியே வந்து அதை எடுத்தார் அல்லது குத்தித் தள்ளினார். எடுத்த பிறகு அவசரப்படாமல், பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, தன் தற்காப்பு ஆட்டக்காரர்கள் மூச்சு வாங்கும்வரை நின்றார். மாமாக் கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "பையன் அவசரப்படவில்லை பார்த்தீர்களா தம்பி" என்றார். கோல் காவலரின் தொழிலில் பாதி அதுதான்: ஆட்டத்தின் நாடித்துடிப்பைத் தன் கைக்குள் வைத்துக்கொள்வது.

அந்த 0-0 இல்லாமல் அடுத்து நடந்த எதுவும் இல்லை. டிசம்பர் 26 அன்று புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3-0 என்று வென்றோம். 29-ஆம் தேதி ஜகார்த்தாவில் ஆட்டத்தின் முதல் பாதியிலேயே பினால்டி. ஃபிர்மான் உத்தினா அடித்ததைக் கைருல் ஃபாமி தடுத்தார். அது மட்டும் உள்ளே போயிருந்தால் அந்த அரங்கத்தின் இரைச்சலில் மூன்று கோல் முன்னிலை கரைந்துபோயிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அன்று 2-1 என்று தோற்றும், மொத்தக் கணக்கில் 4-2 என்று கிண்ணம் நமக்கு வந்தது. மலேசியாவுக்கு அதுவே முதல் ஆசியான் கிண்ணம். டிசம்பர் 31 பொது விடுமுறை என்று அரசு அறிவித்தது. அந்தக் குழுவின் பயிற்றுநர் தமிழர், வலப்பக்கம் ஓடிய எஸ். குணாளன் தமிழர் என்று நாங்கள் நெஞ்சு நிமிர்த்தியதும் உண்மை. ஆயினும் அந்த மாதத்தின் ஆட்டங்களில் எது சிறந்தது என்று என்னைக் கேட்டால், ஹனோயில் ஒன்றுமே விழாத அந்த இரவைத்தான் சொல்வேன்.

2011-இல் அதே நாளில் பார்சலோனா சாண்டோஸை 4-0 என்று உருட்டியெடுத்தது. 2018-இல் அதே நாளில் மன்செஸ்டர் யுனைடெட் பயிற்றுநர் மொரின்யோவை வேலையிலிருந்து நீக்கியது. இவற்றைப் பட்டியல் போடுபவர்கள் போடட்டும்.

லுசைலுக்கு வருகிறேன். 1988-இல் ஆறுமுகம் இறந்த நாளும் ஞாயிற்றுக்கிழமை. 2022-இல் இறுதியாட்டம் நடந்த நாளும் ஞாயிற்றுக்கிழமை. மலேசிய நேரம் இரவு பதினொன்றுக்கு ஆட்டம் தொடங்கியது. செந்தூலில் நான் போன கடையில் நாற்காலி கிடைக்கவில்லை. பால் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் திங்கள், எல்லாருக்கும் வேலை. ஒருவரும் எழவில்லை. இரண்டு மணியை நெருங்கும் நேரம், 3-3, கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகள். பிரான்ஸின் தற்காப்பிலிருந்து நீளமாக ஒரு பந்து வந்தது. அது ஒருமுறை தரையில் பட்டு எழ, கோலோ முவானி தனியாக நின்றார். எதிரே அர்ஜென்டினாவின் கோல் காவலர் எமிலியானோ மார்ட்டினெஸ் மட்டும்.

அந்த ஒரு நொடியை நான் எத்தனையோ முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். கோல் கோட்டில் நிற்கும் கோல் காவலருக்குப் பின்னால் அத்தனை இடமும் திறந்து கிடக்கும். அவர் முன்னே வர வர, அடிப்பவருக்குத் தெரியும் இடம் சுருங்கும். மார்ட்டினெஸ் முன்னே வந்தார், ஆனால் விழவில்லை. அனுபவம் குறைந்தவர்கள் அங்கேதான் விழுந்துவிடுவார்கள், ஏதாவது ஒரு பக்கத்தை ஊகித்து. அவர் ஊகிக்கவில்லை. கைகளை விரித்து, உடலைத் தாழ்த்தி, பந்து காலை விட்டுக் கிளம்பும்வரை பொறுத்தார். கிளம்பியதும் இடது காலை வீசி நீட்டினார். பந்து அதில் பட்டுத் தெறித்தது. அடுத்த மூச்சில் பந்து மறுமுனைக்குப் போய் அர்ஜென்டினாவின் லவுட்டாரோ மார்ட்டினெஸ் தலையால் முட்டி வெளியே அடித்தார். பிறகு பினால்டியில் கோமானின் பந்தையும் எமிலியானோ தடுத்தார். சிறந்த கோல் காவலருக்கான தங்கக் கையுறை விருது அவருக்குக் கிடைத்தது. ஆனால் பட்டியலில்? கோல் அடித்தோர் மூவர்: மெஸ்ஸி, டி மரியா, எம்பாப்பே. 123-ஆவது நிமிடத்தில் நடந்தது எந்த வரியிலும் இல்லை.

அந்தக் கால் நீண்டபோது கடையில் ஒருவர் "ஆறுமுகம்!" என்று கத்தினார். நரைத்த தலை, என் சித்தப்பா வயதிருக்கும். யாரும் திரும்பிப் பார்த்து ஏன் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஆறுமுகத்தின் காலத்துக் கோல் காவலர்களுக்குச் சட்டமே வேறு. பினால்டி அடிக்கப்படும்வரை கால்களை அசைக்காமல் கோல் கோட்டிலேயே நிற்க வேண்டும். 1997-இல்தான் கோட்டின் மீது பக்கவாட்டில் நகரலாம் என்று விட்டார்கள். 11 மீட்டர் தொலைவிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அரை நொடிக்கும் குறைவில் வந்து சேரும். அதற்குள் நின்ற இடத்திலிருந்து பாய வேண்டும். ஒரு சலுகையும் இருந்தது: சொந்தத் தற்காப்பு ஆட்டக்காரர் காலால் திருப்பித் தரும் பந்தைக் கையால் எடுக்கலாம். 1992-இல் அது போயிற்று. இன்றைய கோல் காவலருக்குக் காலும் வேண்டும், கையும் வேண்டும். அந்தக் காலத்தவருக்குக் கையே எல்லாம். அதிலும் நீளமான கை என்றால் அது ஒரு வரம்.

சனிக்கிழமை காலைகளில் நான் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோல் காவல் கற்றுக்கொடுக்கிறேன். எங்கள் திடலில் மற்ற இடமெல்லாம் புல் இருக்கும், கோல் முகப்பில் மட்டும் இருக்காது. அங்கே மண்தான், முந்தைய மாலை இடியோடு மழை பெய்திருந்தால் குட்டை. பயிற்சியின் பாதி நேரம் விழக் கற்றுக்கொள்வதிலேயே போகிறது: முதலில் முழங்காலிலிருந்து, பிறகு குந்திய நிலையிலிருந்து, பிறகு நின்றபடி. முழங்கையைத் தரையில் ஊன்றாமல், தொடையும் இடுப்பும் தோளும் வரிசையாகத் தரையைத் தொட வேண்டும். பந்தை எடுக்கும்போது இரண்டு கட்டைவிரல்களும் கிட்டத்தட்ட ஒட்டியிருக்க வேண்டும். இடைவெளி இருந்தால் ஈரப் பந்து அதன் வழியே நழுவி முகத்தில் அடிக்கும்.

பள்ளிகளில் கோல் காவலரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஓட முடியாதவன், புதிதாகச் சேர்ந்தவன், எதிர்த்துப் பேசாதவன். "என் மகனை ஏன் சார் கோலில் போட்டீர்கள், அவன் நன்றாக ஓடுவானே" என்று பெற்றோர் வந்து கேட்கிறார்கள். நன்றாக ஓடுகிறவன்தான் வேண்டும் அம்மா, தைரியசாலிதான் வேண்டும், பந்தைப் பார்த்துக் கண்ணை மூடாதவன் வேண்டும் என்று சொல்கிறேன். சிலர் நம்புகிறார்கள்.

இப்போது என்னிடம் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி வருகிறாள். அண்ணனின் பழைய கையுறை. விரல் நுனிகளில் ஒரு அங்குலம் காலியாகத் தொங்கும். மணிக்கட்டுப் பட்டையில் தன் பெயரைத் தமிழில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறாள். மழையில் ஒவ்வொரு வாரமும் அழிகிறது, ஒவ்வொரு வாரமும் எழுதுகிறாள். சென்ற மாதம் நடந்த ஒரு பள்ளிப் போட்டியில் இரண்டு பினால்டிகளைத் தடுத்தாள். அவள் பள்ளி வென்றது. மேடையில் அதிக கோல் அடித்தவருக்குக் கிண்ணம் கொடுத்தார்கள், சிறந்த ஆட்டக்காரருக்குப் பதக்கம் கொடுத்தார்கள். கோல் காவலருக்கு எதுவும் இல்லை. அவள் கைதட்டிக்கொண்டு நின்றாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

ஆகவே தமிழ்ப்பள்ளிகளுக்கு இடையே காற்பந்துப் போட்டி நடத்தும் சங்கங்களுக்கும் முன்னாள் மாணவர் மன்றங்களுக்கும் என் வேண்டுகோள் இது. பரிசுப் பட்டியலில் ஒரு வரி சேருங்கள்: சிறந்த கோல் காவலர், ஆர். ஆறுமுகம் நினைவுப் பரிசு. கிண்ணம்கூட வேண்டாம். பிள்ளையின் கைக்குச் சரியான அளவில் ஒரு ஜோடி கையுறை போதும். பரிசைக் கொடுப்பவர் ஒலிபெருக்கியில் ஆறுமுகம் யார் என்று இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும். 1980-ஐச் சொல்ல வேண்டும், மெர்டேக்கா அரங்கத்தைச் சொல்ல வேண்டும். டிசம்பரில் பள்ளி விடுமுறை என்பதால் அந்தத் தேதியிலேயே நடத்துவது சிரமமாக இருக்கலாம். வேறு மாதத்தில் நடத்தினாலும் பரவாயில்லை. முதல் போட்டிக்கான கையுறைகளை நான் வாங்கித் தருகிறேன். ஒன்பது வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை எந்தப் பிள்ளைக்கு எந்த அளவு பொருந்தும் என்பதும் எனக்குத் தெரியும், கேளுங்கள்.